துக்கம் கேட்டல்: தேம்பாவணிப் புலம்பலும் கிறித்தவ நம்பிக்கையும்

இறந்தார் மீண்டும் எழுவர் என்று நம்பும் சமயத்தார் இறந்தாரை எண்ணி அழுதல் பொருந்துமோ? பொருந்தாதெனின், அச்சமயத்தார் இயற்றிய காப்பியங்களிற் காணப்படும் புலம்பல்கள் மெய்யான அவலச் சுவை உடையனவாதல் யாங்ஙனம்? அவை மரபு கருதிச் சேர்க்கப்பெற்ற ஒப்பனைகளே அல்லவோ? தமிழில் எழுந்த கிறித்தவ இலக்கியங்களை ஆராய்வார் முன் இவ் வினா நெடுங்காலமாக நிற்கின்றது. முடிவில் இன்பம் உறுதி என்று தெளிந்தவன் துன்பத்தை முழுமையாகப் பாட இயலாது என்பார் ஒருசாரார். நம்பிக்கை மிகுந்த அளவிற்கு அவலம் குறையும் என்பது அவர் கருத்து. இக் கருத்து எத்துணைப் பொருத்தமுடையது என்பதனைத் தேம்பாவணியில் வரும் ஒரு புலம்பலை நடுவாக வைத்து ஈண்டு ஆராய்வாம். ஆறுதல் கூறுதல் என்னும் செயலின் இயல்பும் இவ் ஆராய்ச்சியில் ஓரளவு விளங்கும் என நம்புகின்றோம்.

க. கையறுநிலையின் இயல்பு

தமிழ்ப் புலவர்க்கு இழவைப் பாடுதல் புதிதன்று. தொல்காப்பியர் காஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகக் கையறுநிலையைக் கூறுகின்றார். கழிந்தாரைக் குறித்து, ஒழிந்தார், அஃதாவது எஞ்சி நின்றார், துயருற்றுப் புலம்புவது அத்துறை. பாடப்படுவோர் மாண்டவரேயாயினும் பாட்டின் உயிர்நிலை எஞ்சியவர் பாலதே என்பதை இவ் இலக்கணம் குறிப்பால் உணர்த்துகின்றது. மெய்ப்பாட்டியலிலும் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறப்படுகின்றன. ஒருவர் இறந்தவழி எஞ்சியவரை வருத்துவது இழவு மட்டுமன்று. முன்னைய நிலை கெடுதலாகிய அசைவும், துய்ப்பதற்கு ஒன்றும் இல்லாமையாகிய வறுமையும் உடன் வந்து சூழ்கின்றன.

புறநானூற்றில் இதற்குச் சான்றுகள் பல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தபின், பொத்தியார் தம் நிலைக்குக் காட்டிய உவமை நினையத்தக்கது. பல்லாண்டு பேணி வளர்த்த களிற்றை இழந்த பாகன், அது கட்டப்பெற்றிருந்த கூடத்திற்கு வந்து வெறுங்கம்பத்தைக் கண்டு கலங்குகின்றான். அவனைப் போலவே புலவரும் மன்னன் இல்லாத மன்றங் கண்டு கலங்குகின்றார். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபோது குடவாயிற் கீரத்தனார் முல்லையை நோக்கி வினவுகின்றார். சூடும் இளைஞரும் இல்லை, கொய்யும் மகளிரும் இல்லை, பாணரும் பாடினியரும் அணியார். அவ்வாறிருக்க, நீ மட்டும் பூத்தனையோ என்று அவர் கேட்கின்றார். இயற்கை மனிதன் துயரை அறிவதில்லை. தன் பருவத்தில் அது மலர்ந்துவிடுகின்றது. அவ் அறியாமையே புலவரின் நெஞ்சை மேலும் புண்படுத்துகின்றது.

உ. அழும் இயற்கை

பிற்காலக் காப்பியத்தில் இந்நிலை மாறுகின்றது. கம்பர் அயோத்தியா காண்டத்து நகர் நீங்கு படலத்தில், இராமன் காடு செல்கின்றான் என்று அறிந்து ஆவும் கன்றும் அழுததாகப் பாடுகின்றார். அன்றலர்ந்த பூவும், நீர்ப்புள்ளும், களிறும், குதிரையும் உடன் அழுகின்றன. சங்கப் புலவர் வினவிய முல்லை அழவில்லை. கம்பரின் பூக்களோ அழுகின்றன. ஆயினும் அவை அழுவது நீங்குவோனாகிய இராமன் பொருட்டு. அவன் பெருமை உயிர்கள் அனைத்தையும் பற்றி நிற்பது என்பதை உணர்த்தவே கவிஞர் இங்ஙனம் பாடினார். பிரிவோனின் பெருமைக்கு அவ் அழுகை அளவுகோலாகின்றது. எஞ்சி நிற்கும் ஒருவனுடைய தனிமைக்குத் துணையாக எழுந்ததன்று அது.

இவ் இரு மரபுகளையும் நெஞ்சிற் கொண்டு தேம்பாவணியை அணுகுவாம்.

ங. கருணையன் புலம்பல்

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் போந்து, 1747ஆம் ஆண்டு மறைந்த வீரமாமுனிவர், தமிழ்க் காப்பிய மரபினை ஆழக் கற்றுத் தெளிந்தவர். அவர் இயற்றிய தேம்பாவணி மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் கொண்டு, 3615 பாடல்களால் இயன்றது. கிறித்துவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பரை, வளன் என்னும் பெயரால், பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்னும் தமிழ்ப் பெயரைச் சூட்டினார் முனிவர்.

கருணையனும் அவன் தாய் எலிசபெத்தும் கானகத்தில் வாழ்கின்றனர். அங்கே தாய் இறக்கின்றாள். சுற்றமும் ஊரும் இல்லாத அவ்விடத்தில் மகன் தானே அவளை அடக்கம் செய்கின்றான். பிள்ளை வளர்ந்து வனாந்தரத்தில் இருந்தான் என்ற அளவில் லூக்கா நற்செய்தி நின்றுவிடுகின்றது. எலிசபெத்தின் இறப்பைப் பற்றி விவிலியம் ஒன்றும் கூறவில்லை. பின்னெழுந்த மரபுரைகளில் அச் செய்தி இடம்பெறுகின்றது. அதனை ஒரு செய்தியாகக் கூறிக் கடந்து செல்ல முனிவர்க்கு இடமிருந்தது. அவர் அங்ஙனம் செய்யாமல் அங்கே நின்று ஒரு மகனின் வாயில் புலம்பலை அமைத்தார். மறைநூல் வாய்திறவாத இடத்தில் ஓர் அழுகைக்கு இடமளித்தமை, சமயக் கடமை கருதியதன்று. கையறுநிலை மரபறிந்த தமிழ்ப் புலவரின் செயல் அது என்க.

அப் புலம்பலின் பொருளை நோக்குவாம். தாயின் வாய்மொழி மழையாகப் பொழிய, அதனால் உள்ளங் குளிர்ந்து வாழ்ந்தவன் தான் என்கின்றான் கருணையன். இப்பொழுது துளியின்றி, மணி பிடிக்கும் முன்னரே காய்ந்துபோன இளம்பயிர் ஆயினான். கொம்பிலிருந்து கொய்யப்பெற்ற பூப்போல அவன் உள்ளம் வாடுகின்றது. நச்சு அம்பு துளைத்த புண்போல நோகின்றது. துணையைப் பிரிந்த பறவைபோல அழுகின்றான். வழுக்கும் நிலத்தில் வழி காணாது தனித்து நிற்பவன்போல் கலங்குகின்றான். பின்னர் உவமைகள் நின்றுவிடுகின்றன. உய்யும் முறை அறியேன் என்றும், உறுப்புக்களால் ஆற்றும் தொழில் அறியேன் என்றும், கானில் செல்லும் வழி அறியேன் என்றும் அடுக்கிச் சொல்கின்றான். தாயின் கைம்முறை ஒன்றே தான் அறிந்தது. அவளும் தன்னைத் தனியே விட்டுப் போயினாள் என்று முடிக்கின்றான்.

இப் பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தன என்று கூறுவதற்கில்லை. மழை, பயிர் உவமை வரும் பாடலில் ‘மணி’ என்னும் சொல் அடிதோறும் வேறு வேறு பொருளில் வந்து விளையாடுகின்றது. தாயைப் புதைத்த கையின் ஈரம் உலராத ஒருவன் இத்துணைச் சொல்நயத்தோடு பேசுவானோ என்று கற்பார் ஐயுறுதல் இயல்பே. அப் பாடலில் முனிவரின் புலமை கருணையனின் துயரை ஓரளவு மறைத்துவிடுகின்றது. ‘அறியேன்’ என்னும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும் பாடலிலோ அணி முற்றும் உதிர்ந்துவிடுகின்றது. அங்கே இழவு, அசைவு, வறுமை மூன்றும் ஒருங்கே நிற்கின்றன. தாயை இழந்தான், அவளோடு வாழ்ந்த வாழ்வின் ஒழுங்கை இழந்தான், நாளை உண்பதற்கு வழியும் அறியான். எஞ்சியவன் படும் பாட்டை இதனினும் எளிய சொல்லாற் கூறல் அரிது. சமய நம்பிக்கை உடையவன் அவலத்தை முழுமையாகப் பாடல் இயலாது என்பார்க்கு இவ் ஒரு பாடலே மறுமொழியாக அமையும்.

ச. ‘காக்க’ என்னும் சொல்

அங்ஙனமாயின், நம்பிக்கை எங்கே? புலம்பலின் இறுதியில் அறவுரையாக அதனைத் தேடுவார் ஏமாற்றம் அடைவர். அஃது அடக்கச் செயலின் உள்ளேயே இருக்கின்றது. குழியில் மலர்ப்படுக்கையைப் பரப்பும் கருணையன், பூப்போன்ற கைகளைக் குவித்து, அவ்வுடலை அன்போடு காக்க என்று நிலத்தை வேண்டுகின்றான். தாயின் உடலை மண்ணுக்குள் வைத்து மூடி, அதன்மேல் மலரையும் கண்ணீரையும் ஒருங்கே பொழிகின்றான்.

‘காக்க’ என்பது நுணுகி நோக்கத்தக்க சொல். அழிந்து போவதனை எவரும் காக்கச் சொல்லார். மீளப் பெறுவதற்குரிய பொருளையே ஒருவரிடம் ஒப்படைத்துக் காக்கச் சொல்வர். உடலின் உயிர்ப்பில் கிறித்தவர்க்கு உள்ள நம்பிக்கை ஈண்டு ஓர் ஏவற்சொல்லில் அடங்கிவிட்டது. நிலம் விழுங்குவதாகவன்றி, அடைக்கலம் பெற்றுப் பேணுவதாக ஆகிவிடுகின்றது. அடைக்கலப் பொருளைப் பேணும் கடப்பாடு தமிழ்க் காப்பியத்தில் எத்துணை உயர்ந்தது என்பதனைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையைக் கற்றார் அறிவர்.

இந் நம்பிக்கையோடு துயர் முடிந்துவிடவில்லை என்பதே நாம் கருதவேண்டியது. ‘காக்க’ என்று வேண்டியவனே கண்ணீரும் பொழிகின்றான். அடக்கம் முடிந்த பின்னரும் புலம்பல் தொடர்கின்றது. ஒப்படைத்த பொருள் மீளும் என்ற தெளிவும், அது கையில் இல்லை என்ற வெறுமையும் ஒரே நெஞ்சில் ஒருங்கே இருத்தல் கூடும் என்று முனிவர் காட்டுகின்றார். ஒன்று மிகுந்தால் மற்றொன்று குறையும் என்னும் கணக்கு இங்கே செல்லவில்லை.

ரு. கானகத்தின் மறுமொழி

கருணையன் இரங்கிக் கூறிய பின்னர் நிகழ்வது யாது? பூத்த மரங்கள்தோறும் மலர்ந்த சுனைகள்தோறும் உள்ள பறவைகளும் வண்டுகளும் ஒலிக்கின்றன. அவன் இசைக்கு இசையாக, அக் கானகம் அழுவது போன்று அவ்வொலி எழுகின்றது.

இதனைத் தற்குறிப்பேற்றத்தின்பாற் படுத்தி, அணியிலக்கணம் கூறிக் கடந்து செல்லலாம். ஆயினும் முன்னர்க் கூறிய இரு மரபுகளோடும் ஒப்பிட்டால் இதன் வேறுபாடு புலனாகும். கீரத்தனாரின் முல்லை துயரை அறியாது பூத்தது. கம்பரின் பூக்கள் நீங்குவோன் பொருட்டு அழுதன. முனிவரின் கானகம் ஒலிப்பதோ எஞ்சியோன் சொல்லைக் கேட்ட பின்னர். எலிசபெத்து இறந்த நொடியிலேயே காடு அழுததாக இப் பகுதியில் அவர் பாடவில்லை. மகன் வாய்திறந்து சொன்னபின் அதற்கு எதிரொலியாகவே காடு குரல் கொடுக்கின்றது. இறந்தாளின் பெருமைக்குச் சான்று கூறுவதன்று அவ்வொலி, தனித்தவனுக்குத் துணையாவது.

அன்றியும், கம்பர் பூக்கள் அழுதன என்றே கூற, முனிவர் அழுவன ‘போன்றே’ என்று கூறுகின்றார். பறவையும் வண்டும் என்றும் போலவே ஒலித்திருக்கலாம். துயருற்ற செவிக்கு அஃது அழுகையாகக் கேட்டிருக்கலாம். அவ் உவம உருபில் ஒரு நேர்மை உண்டு. படைப்பு முழுதும் தனக்காக அழுகின்றது என்று துயருற்றவனை நம்பச் செய்து மகிழ்விக்க முனிவர் முற்படவில்லை. தனிமையில் ஒலித்த குரலுக்கு ஒரு மறுகுரல் உண்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றார்.

இவ் அமைப்பு விவிலியத்தின் போக்கோடு முற்றும் பொருந்துகின்றது. பெத்தானியாவில் இலாசர் இறந்து நான்கு நாள் சென்றபின் இயேசு வருகின்றார். அவனை எழுப்பப் போவதைச் சீடர்க்கு முன்னரே குறிப்பிட்டவர் அவர். மார்த்தாளிடம் உயிர்ப்பைப் பற்றி உரையாடியவரும் அவரே. ஆயினும் மரியாளும் உடன் வந்தாரும் அழுவதைக் கண்டு தாமும் கண்ணீர் விடுகின்றார். சிறிது நேரத்தில் துயர் நீங்கும் என்று உறுதியாக அறிந்தவர் அழுதார் எனின், நம்பிக்கைக்கும் கண்ணீருக்கும் பகை இல்லை என்பது வெளிப்படை. தெசலோனிக்கியர்க்கு எழுதிய பவுலும் அழவேண்டா என்று கூறினாரல்லர். நம்பிக்கையற்றாரைப் போல் துயருறல் வேண்டா என்றே கூறினார். உரோமையர்க்கு எழுதுங்கால் அழுவாரோடு அழுதலைக் கடமையாகவே வைத்தார்.

இதற்கு மாறான போக்கினையும் விவிலியம் காட்டுகின்றது. யோபுவின் நண்பர் மூவர், அவன் துயரின் பெருமை கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர் செய்தது குறையற்ற நட்பு. பின்னர் அவர் வாய்திறந்து துன்பத்திற்குக் காரணம் கூறப் புகுந்தனர். குற்றம் செய்தவனே துன்புறுவான் என்று வாதிட்டனர். கடவுளின் நீதியை நிலைநாட்டுவதாக எண்ணி அவர் பேசிய பேச்சைக் கடவுளே இறுதியில் கடிந்து ஒதுக்குகின்றார். காலத்திற்கு முன் கூறப்பட்ட விளக்கம், எத்துணைச் சமயச் சார்புடையதாயினும், துயருற்றவனுக்கு மற்றுமொரு சுமையே ஆகின்றது.

சா. வழித்துணை

எதிரொலியாக நிற்கும் கானகத்தினின்று உடன்நடக்கும் தோழனை நோக்கிச் செல்வாம். நெல்லைச் சீமையில் 1827ஆம் ஆண்டு தோன்றி 1900ஆம் ஆண்டு மறைந்த எச். ஏ. கிருட்டினப் பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம், 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆங்கிலப் புலவர் ஜான் பனியன் எழுதி 1678ஆம் ஆண்டு வெளியிட்ட உரைநடைக் கதையின் வழிநூல் அது. சமயக் கருத்து வேறுபாடு பற்றி 1660 முதல் பன்னிரண்டு ஆண்டு பெட்போர்டு நகரில் சிறையிருந்தவர் பனியன். துன்பம் அவர்க்கு நூலறிவாக வந்ததன்று.

அம் மூலக்கதையில் இரு நிகழ்ச்சிகள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. மாயச் சந்தையில் முதல் தோழன் கொல்லப்படுகின்றான். அவனுடைய சாம்பலினின்று எழுந்தான் என்னுமாறு மற்றொருவன் பயணியோடு சேர்கின்றான். ‘நம்பிக்கை’ என்னும் பொருள்பட அவனுக்குப் பெயரிட்டார் பனியன். இழவின் சாம்பலிலேயே நம்பிக்கை பிறக்கின்றது என்பது அவர் கருத்து. பின்னர் இருவரும் ஐயக் கோட்டையின் இருட்சிறையில் அடைபடுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் நீரும் இல்லை. அரக்கன் அவர்களைப் புடைத்து, உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் தூண்டுகின்றான். பயணி அதற்கு இசையும் நிலையில் இருக்கின்றான். தோழனோ தானும் அதே இருளில் அடியுண்டு கிடப்பவன். சிறிது பொறுத்திரு என்று அவன் வேண்டுகின்றான். முன்னர்க் கடந்த இடர்களை நினைவூட்டுகின்றான். சனி நள்ளிரவில் இருவரும் வேண்டத் தொடங்குகின்றனர். விடியலை அடுத்துப் பயணிக்குத் தன் மார்பில் ‘வாக்குறுதி’ என்னும் திறவுகோல் இருப்பது நினைவிற்கு வருகின்றது.

திறவுகோல் தோழனிடம் இருந்ததன்று. துயருற்றவனிடமே முதலிலிருந்து இருந்தது. தோழன் செய்தது, அவன் அதனை நினைவுகூரும் வரை அவனை உயிரோடு வைத்திருந்தமையே. இறுதியில் பாலமற்ற ஆற்றைக் கடக்குங்கால் பயணி மூழ்குகின்றான். தோழன், தன் கால் தரையில் ஊன்றியிருத்தலைக் கூறித் தேற்றுகின்றான். பயணி அத் தேறுதலை ஏற்கவில்லை. அவ் வாயிலில் எதிர்பார்க்கப்படுவோன் நீயே, நானல்லன் என்று மறுக்கின்றான். சொல் மறுக்கப்பட்டபோதும் தோழனின் கை தளரவில்லை. அவன் தலையை நீருக்கு மேல் தாங்கியே நிற்கின்றான். துயருற்றவன் ஆறுதலை மறுத்தல் நன்றி கொன்றதாகாது. மறுக்கப்பட்டபின் விலகிப் போகும் ஆறுதல் ஆறுதலும் ஆகாது.

இக் கதையைத் தமிழாக்கிய கிருட்டினப் பிள்ளை, கம்பர் வழிப்பட்ட விருத்தங்களுக்கிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாக்களையும் அமைத்தார். அவற்றுட் சில, தமிழ்த் திருச்சபைகளில் இன்றும் பாடப்பெறுகின்றன. காப்பியத்தில் ஒரு மாந்தன் கூற்றாக நின்ற துயரும் வேண்டுதலும் இதனால் பலர் கூடிப் பாடும் பாடலாகிவிடுகின்றன. தன் துயர்க்குச் சொல் கிடைக்காதவன் பிறர் பாடும் சொல்லில் தானும் சேர்ந்துகொள்கின்றான். பயணிக்கு ஒரு தோழன் செய்த உதவியை, இசைப்பா வடிவில் ஒரு கூட்டம் செய்கின்றது என்று கொள்ளலாம்.

எ. முடிவுரை

நம் நாட்டார் இழவு வீட்டிற்குச் செல்வதனைத் துக்கம் கேட்டல் என்று வழங்குவர். தென்பகுதியில் துட்டி கேட்டல் என்பர். ஆறுதல் சொல்லப் போனேன் என்பதினும் துக்கம் கேட்கப் போனேன் என்பதே பழகிய வழக்கு. சென்றவர் கேட்பவர்; இழந்தவரே சொல்பவர். இறுதி நாள் எப்படி இருந்தது, என்ன சொன்னார், யார் உடன் இருந்தார் என்று கேட்க, இழந்தவர் மீண்டும் மீண்டும் சொல்லிச் சொல்லி அழுவர். ஒப்பாரியில் ஒருத்தி சொல்ல மற்றவர் அதனைத் தாங்கி அழுவர். கருணையன் சொல்லக் கானகம் கேட்டு ஒலித்தமை இவ் வழக்கோடு இயைந்ததே.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. கிறித்தவ நம்பிக்கை தமிழ்க் கையறுநிலையை அழிக்கவில்லை. கேட்பாரற்று நின்ற புலம்பலுக்கு ஒரு செவியை அளித்தது. தேம்பாவணியில் அச் செவி கானகம். இரட்சணிய யாத்திரிகத்திற்கு மூலமான கதையில் அது தோழன். இரட்சணிய யாத்திரிகத்து இசைப்பாக்களில் அது பாடும் கூட்டம். எனவே, கிறித்தவக் காப்பியங்களின் அவலப் பகுதிகளை மதிப்பிடுங்கால், நம்பிக்கை உண்டா இல்லையா என்று வினவுதல் போதாது. புலம்புவோன் தன் புலம்பலை முடிக்கும் வரை நம்பிக்கை காத்திருந்ததா என்று வினவுதல் வேண்டும். காத்திராது இடைமறித்து அறிவுரை கூறும் பகுதிகள், பொருளால் உயர்ந்தனவாயினும், கவிதையாகத் தாழ்வனவே. இவ் அளவுகோல் கொண்டு முனிவரின் பிற நூல்களையும், பின்வந்த கிறித்தவப் புலவரின் புலம்பற் பாக்களையும், நம் ஊர்களில் வழங்கும் ஒப்பாரிகளோடு ஒருங்குவைத்து இளைய ஆராய்ச்சியாளர் ஆராயப் புகுவாராயின், பயன் மிகப் பெரிதாகும்.